விபத்து என்னும் சொல்

மனிதன் எதிர்பாராததையும் தடுக்க இயலாததையுமே விபத்து என்கிறோம். தடுக்கும் வழி தெரிந்திருந்தும் செலவு கருதி அது கைவிடப்பட, மக்கள் மாண்டால் அதற்கும் அதே பெயரைச் சூட்டலாமா?

பிறேசில் நாட்டின் புறுமாடீன்யோ என்னும் ஊரருகே, 2019 ஜனவரி 25ஆம் நாள் நண்பகலில், வாலே கொம்பனியின் இரும்புச் சுரங்க அணையொன்று உடைந்தது. ஏறத்தாழ ஒரு கோடி கன மீற்றர் கழிவுச் சேறு பாய்ந்து 270 உயிர்களைக் குடித்தது. மாண்டோரிற் பெரும்பாலோர் தொழிலாளர். அது மதிய உணவு வேளை. உணவுச்சாலையோ அணையின் கீழ், சேறு பாயும் வழியிலேயே கட்டப்பட்டிருந்தது. அபாயச் சங்கு ஒலிக்கவில்லை.

தாதுவைப் பிரித்தபின் எஞ்சும் ஈரச் சேற்றைத் தேக்குவனவே இவ்வணைகள். தேங்கிய சேற்றின் மீதே அடுத்தடுத்த படிகளை எழுப்பி அணையை உயர்த்துவது மலிவான முறை. அடியிலுள்ள சேறு இளகுமாயின் அணை முழுவதும் நீர்போல் ஓடிவிடும். இவ்வுண்மை புதியதன்று. 1965இல் சிலி நாட்டில் நிலநடுக்கத்தால் எல் கோப்ரே அணை உடைந்து 200க்கு மேற்பட்டோர் மடிந்தனர். 1970இல் அந்நாடு இம்முறையைத் தடைசெய்தது. பிறேசிலிலேயே, 2015 நவம்பர் 5இல், வாலேயும் பீ.எச்.பி.யும் கூட்டாக உடைமை கொண்டிருந்த பூண்டாவ் அணை இடிந்து 19 பேர் இறந்தனர். பெந்தோ றொட்ரிகெஸ் என்னும் கிராமம் புதையுண்டது. சேறு 600 கிலோமீற்றருக்கு மேல் ஓடி அத்திலாந்திக் கடலை அடைந்தது. அது நாசமாக்கிய டோசே ஆற்றைத் தம் உறவாகப் போற்றும் கிறெனாக் பழங்குடியினர், மீனும் குடிநீரும் இழந்தனர்.

இத்தனைக்கும் பின்னர், 2018இல், புறுமாடீன்யோ அணை உறுதியானது என ஜேர்மன் நிறுவனமொன்றின் பிறேசிற் கிளை அத்தாட்சி வழங்கியது. பிறேசில் இம்முறையைத் தடைசெய்ததோ 2019இல், பிணங்கள் தோண்டி எடுக்கப்பட்ட பின்னரே.

குற்றவாளி யார் என வினவினால், ஒவ்வொருவரும் மற்றவரைச் சுட்டுவர். திட்டமிட்டவர் ஒருவர், கையொப்பமிட்டவர் வேறொருவர், அனுமதித்தவர் இன்னொருவர். பல கைகளிற் பங்கிடப்பட்ட குற்றம் எவர் கையிலும் இல்லாததுபோலத் தோன்றும். ஆனால் இலாபம் இவ்வாறு மறைவதில்லை. அது யாருக்குச் சேரவேண்டும் என்பது கணக்கேட்டில் ஐயத்திற்கிடமின்றி எழுதப்பட்டுள்ளது. இலாபத்துக்கு உரிமையாளர் உண்டெனின், அவ்விலாபத்தைத் தேடித்தந்த ஆபத்துக்கும் அவர்களே பொறுப்பாளிகள்.

இரும்பு நமக்கும் வேண்டும் என்பது மெய்யே. ஆயினும் மலிவான அணை நமக்கு வேண்டியதன்று. சொற்களின் பொருளை மாணவருக்குப் புகட்டும் நாம், இத்தகைய சாவுகளை விபத்து என எழுத மறுப்போமாக. தீர்மானித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களை விசாரிப்பதே நீதியின் முதற்படி.