சரித்திரப் படமும் கதாநாயகியும்



சரித்திரப் படங்களில் கதாநாயகன் முதன்முதலாகத் தோன்றும் காட்சியைக் கவனித்திருப்பீர்கள். குதிரை மேல் பாய்ந்து வருவான். அல்லது வாள் சுழற்றிக்கொண்டிருப்பான். கதாநாயகியோ தோழியர் புடைசூழ ஓடத்திலோ நந்தவனத்திலோ வீற்றிருப்பாள். காமிரா அவள் முகத்தில் வந்து நிற்கும். அவனை அவன் செய்கையால் அறிகிறோம். அவளை அவள் முகத்தால் அறிகிறோம்.

"சினிமாதானே சாமி, இதில் என்ன குற்றம்?" என்பீர்கள். கற்பனைக் கதை பொய்யாகாது. அது கதை என்று பார்ப்பவனுக்கும் தெரியும். ஆகையால் பொய் என்னும் குற்றத்தை நான் சாட்டவில்லை. என் கேள்வி நீதியைப் பற்றியது. அவரவர்க்கு உரியதை அவரவர்க்குக் கொடுக்கும் உறுதியே நீதி என்கிறார் அர்ச்சியசிஷ்ட தோமாஸ் அக்குவினாஸ். மாண்டவர்களுக்கும் நாம் கொடுக்கவேண்டியது ஒன்று உண்டல்லவா?

2022-லும் 2023-லும் இரண்டு பாகங்களாக வந்த "பொன்னியின் செல்வன்" படத்தை உங்களில் பலர் குடும்பத்தோடு பார்த்திருப்பீர்கள். கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய கதை. அதில் வரும் குந்தவை உண்மையில் வாழ்ந்த பெண். இராஜராஜ சோழனுடைய தமக்கை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அவள் கொடுத்த பொன்னும் அணிகளும் எடை உள்பட அங்கே கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. தந்தை தாயின் திருவுருவங்களை அக்கோயிலில் அமைத்தாள். தந்தை சுந்தர சோழன் பெயரால் தஞ்சையில் நடந்த ஆதுலர்சாலைக்கு, அதாவது நோயாளிகளுக்கான மருத்துவசாலைக்கு, நிலம் வைத்தாள். திண்டிவனத்துக்கு அருகே தாதாபுரத்தில் சிவனுக்கும், திருமாலுக்கும், சமணருக்குமாக மூன்று கோயில்கள் எடுப்பித்தாள். அவள் வல்லவரையர் வந்தியதேவரின் தேவியார் என்பதும் கல்வெட்டில் உண்டு; ஆனால் அது அவள் பெயரோடு சேர்ந்த ஓர் அடைமொழி, அவ்வளவே. படம் பார்த்துத் திரும்பியவர்கள் வாயிலோ அவள் அழகும், வந்தியத்தேவனை அவள் பார்த்த பார்வையுமே மிஞ்சின.

படத்திலும் அவள் அறிவுக்கூர்மையுள்ளவளே. அதை மறைத்துப் பேசுவது நியாயமல்ல. கதை அவளுடைய இளமையில் நடப்பது, கொடைகளெல்லாம் பிற்காலத்தவை என்று சொன்னால், அதுவும் மெய்தான். ஆனால் இளவரசன் வளர்ந்து பேரரசன் ஆவான் என்று கதை நமக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கிறதே! கதாநாயகிக்கு மட்டும் காதலுக்குப் பின் வாழ்வில்லையா? நரை விழுந்த குந்தவையை, நோயாளிக்கு மருந்துச் செலவு கணக்குப் பார்க்கும் குந்தவையை, யார் திரையில் காட்டினார்கள்?

பழைய படங்களே மேல் என்று நான் வாதிக்க வரவில்லை. இன்று மேம்பாலத்துக்குப் பெயர் மட்டும் தந்து மறைந்துபோன ஜெமினி ஸ்டூடியோவின் 1948-ஆம் ஆண்டு "சந்திரலேகா"வை எடுத்துக்கொள்ளுங்கள். கொடியவனை மணக்கச் சம்மதிப்பவள்போல் நடித்து, முரசு நடனம் வேண்டுமென்று நிபந்தனை போடுகிறாள் கதாநாயகி. முரசுகளுக்குள் வீரர்கள் ஒளிந்திருக்கிறார்கள். ஆபத்தான வேலை! ஆனால் நம் தாத்தாமார் காலந்தொட்டு எல்லாரும் சிலாகிப்பது அந்த ஆட்டத்தை மட்டுந்தான்.

இதைப் பங்குப் பத்திரிகையில் எழுதுவானேன்? கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லி வருகிற வீட்டாரின் பேச்சு என் காதில் விழுகிறது. "பெண் நல்ல நிறமா?" என்பதுதான் முதற் கேள்வி. தம்பிமாரைப் படிக்கவைத்தவள், படுக்கையில் கிடந்த பாட்டியை வருஷக்கணக்காய்ப் பார்த்துக்கொண்டவள் என்பதெல்லாம் பிறகு, அதுவும் யாராவது கேட்டால். இந்தத் தராசைச் சினிமா உண்டாக்கவில்லை. அது நம் வீட்டுத் தராசுதான். சினிமா அதற்குப் பட்டுக் கட்டி, பொன்முலாம் பூசித் தருகிறது. நம் பெண் பிள்ளைகள் அதில் தங்களை நிறுத்திப் பார்த்துக் கண் கலங்குகிறார்கள்.

ஆகவே படத்துக்குப் போகவேண்டாம் என்று சொல்லமாட்டேன். திரும்பி வரும் வழியில், "அந்த ராஜகுமாரி என்ன செய்தாள்?" என்று பிள்ளைகளைக் கேளுங்கள். பதில் வரத் தாமதமானால், அடுத்தமுறை வேளாங்கண்ணி யாத்திரையின்போது தஞ்சாவூரில் இறங்குங்கள். விமானத்தின் அடிப்புறக் கற்களில், தான் கொடுத்ததைச் சொன்ன கையோடு அக்காள் கொடுத்ததைச் சொல்கிறான் இராஜராஜன். தன் தேவிமார் கொடுத்தது அதற்கும் அடுத்தபடிதான் வருகிறது.