உடையவனா, உக்கிராணக்காரனா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து வெளியே வருகையில், நண்பர் ஒருவர் கோவில் வாசலில் என்னை நிறுத்தி, "அண்ணாச்சி, வளர்த்த மீன் செத்துப்போனால் அது குற்றமாகுமா?" என்று கேட்டார். வலைவீசிப் பிழைக்கும் கடற்கரை ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

நடந்தது இதுதான். அவருடைய மகனுக்கு வயது 12. போன வருஷம் பையனின் பிறந்த நாளுக்காக 200 லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கிக் கூடத்தில் வைத்தார். நன்னீர்த் தொட்டியல்ல, கடல்நீர்த் தொட்டி. அதற்குள் கடலிலிருந்து வந்த பாறைத் துண்டுகள், ஒரு கடல் சாமந்தி, அதன் விரல்களுக்கிடையே ஒளிந்து விளையாடும் கோமாளி மீன் ஒரு ஜோடி. வந்தவர் போனவர் எல்லாரும் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். இந்தக் கோடையில் உறவினர் கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு மூன்று நாள் மதுரையில் தங்கினார்கள். இரண்டாம் நாள் இரவு இங்கே மின்சாரம் நின்றது. அதோடு பம்பும் நின்றது. நீரோட்டமில்லாத தொட்டியில் பிராணவாயு சில மணி நேரத்திலேயே குறைந்துவிடும். கடல் சாமந்தி செத்து அழுகியது. அந்த அழுகலே தண்ணீர் முழுவதையும் நஞ்சாக்கிற்று. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது வீடெங்கும் நாற்றம்.

நண்பர் தொட்டியைக் கவிழ்த்துக் கழுவிவிட்டு, "மீன்தானே, வேறு வாங்கிக்கொள்ளலாம்" என்று மகனைத் தேற்றினார். பையன் ஒன்றும் பேசவில்லை. நாலு நாள் கழித்து அவனே கேட்டானாம்: "அப்பா, ஊருக்குப் போகும்போது நாயைப் பெரியம்மா வீட்டில் விட்டோம், பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னோம். இதுகளைப் பற்றி ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை?" தகப்பனுக்குப் பதில் வரவில்லை. அதற்காகத்தான் என்னைத் தேடி வந்திருக்கிறார்.

வாசகர்களே, இது அற்ப விஷயமென்று தள்ளிவிடாதீர்கள். தினம் தினம் நம் கரையில் கூடை கூடையாக மீன் இறங்குகிறது. அதைப் பற்றி யாரும் மனம் கலங்குவதில்லை. அப்படியிருக்க, ஒரு ஜோடி மீனுக்காக ஒரு சிறுவன் ஏன் கலங்க வேண்டும்? அவன் கலங்கியது சரியா, தகப்பன் தேற்றியது சரியா?

சிறுவன் பக்கமே நியாயம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். மீன்பிடிப்பவன் மீனைப் பிடிக்கிறான், விற்கிறான், நாம் உண்கிறோம். பிடித்த கணத்தோடு அந்த மீனுக்கு அவன் செய்யவேண்டிய கடமை முடிந்தது. மீனை உயிரோடு வீட்டில் வைத்துக்கொள்ள விரும்புகிறவன் நிலை வேறு. அவன் அந்த மீனைக் கடலிலிருந்து பிரித்தபோதே, அதுவரை கடல் அதற்குச் செய்துவந்த வேலை முழுவதையும் தன் தலையில் ஏற்றுக்கொண்டான். பணம் கொடுத்து வாங்கியது மீனை மட்டுமல்ல, அந்த வேலையையும் சேர்த்துத்தான்.

அந்த வேலை எவ்வளவு என்று பார்ப்போம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. 200 லிட்டர் தொட்டிக்கு 7 கிலோ. சமையல் உப்பு உதவாது. கடலிலுள்ள பல உப்புகளையும் சேர்த்துச் செய்த கலவை வேண்டும். உப்பளத்து ஊர்க்காரர்களான நமக்கு மற்றொன்றும் தெரியும்: பாத்தியில் நீர் ஆவியாகும், உப்புத் தங்கிவிடும். தொட்டியிலும் அப்படியே. நாள்தோறும் வற்றுகிற அளவுக்கு உப்பில்லாத சுத்த நீரை ஊற்றாவிட்டால், தொட்டி சிறுகச் சிறுக உப்பளப் பாத்தியாகிவிடும்.

மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் சில அதை நைட்ரைட்டாகவும், வேறு சில நைட்ரைட்டை அதிகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த வேலைக்காரர்கள் பாறையிலும் மணலிலும் குடியேறிப் பெருகுவதற்கு வழக்கமாக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். பொறுமையில்லாமல் முதல் நாளே மீனை விடுகிறவன், அதை நஞ்சிலே விடுகிறான். பிறகும் வாரத்துக்கு ஒருமுறை தொட்டியின் நீரில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் புது நீர் சேர்க்கவேண்டும். வெப்பம் 25 முதல் 27 டிகிரிக்குள் நிற்கவேண்டும். நம்மூர்க் கோடையில் குளிரூட்டும் கருவியில்லாமல் இது நடவாது. கடல் இவ்வளவையும் கூலி கேளாமல் செய்துகொண்டிருந்தது.

இந்தப் பழக்கத்தின் ஆரம்பத்தைப் பார்த்தால் விஷயம் இன்னும் விளங்கும். 1846-ல் ஆங்கிலத் திருச்சபைக் குரு ஒருவரின் மனைவியான அன்னா தின் என்னும் அம்மையார், டார்க்கி என்ற கடற்கரை ஊரிலிருந்து உயிருள்ள பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்தார். பம்பும் மின்சாரமும் இல்லாத காலம். தண்ணீரில் காற்றுக் கலக்கவேண்டுமே! திறந்த ஜன்னலருகே நின்று, கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மறு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்றவேண்டும். நாள்தோறும் அரைமணி முதல் முக்கால் மணி நேரம். அந்த வேலையைச் செய்தது அம்மையார் அல்ல, அவர் வீட்டு வேலைக்காரச் சிறுமி. மறு வருஷம் அம்மையார் கடற்பாசிகளையும் சேர்த்து வளர்த்து, கடல் உயிர்களை நெடுநாள் வீட்டில் வைத்துக் காப்பாற்றலாம் என்று காட்டினார். அம்மையாரின் பெயரைப் புத்தகங்கள் சொல்லுகின்றன. ஆனால் பவளங்களுக்கு மூச்சுக் கொடுத்தது அந்தச் சிறுமியின் கைகள் அன்றோ?

நம் வீடுகளிலும் இதைக் கேட்டுப் பார்க்கலாம். பையன் ஆசைப்பட்டான், தகப்பன் வாங்கிக் கொடுத்தார். கண்ணாடியில் படியும் பாசியைச் சுரண்டுவது யார்? தண்ணீர் சுமப்பது யார்? பெரும்பாலும் அடுப்படி வேலையோடு சேர்த்துத் தாயின் தலையிலே அது விழுகிறது. அழகு ஒருவருக்கு, உழைப்பு இன்னொருவருக்கு என்றிருந்தால் அந்த அழகில் ஏதோ குறை இருக்கிறது.

இன்னொரு கதை இதற்கு நேர்மாறானது. ஸ்காட்லாந்து தேசத்தில் ஸர் ஜான் டேலியல் என்பவர் 1828-ல் கடற்கரைப் பாறையிலிருந்து ஒரு கடல் சாமந்தியை எடுத்து, கண்ணாடி ஜாடியில் வைத்து வளர்த்தார். 1851-ல் அவர் காலமானார். கடல் சாமந்தியோ உயிரோடிருந்தது. அதை மற்றொருவர் ஏற்றுக்கொண்டார். அவருக்குப் பின் வேறொருவர். கடல்நீரை மாற்றுவதும் உணவு கொடுப்பதும் கைமாறிக் கைமாறித் தொடர்ந்தன. "பாட்டி" என்று செல்லப் பெயர் பெற்ற அந்தப் பிராணி 1887 வரையில், அதாவது 59 வருஷம், ஜாடியிலேயே வாழ்ந்தது. அவர்களில் ஒருவரும் "இது நான் எடுத்ததல்லவே" என்று சொல்லிக் கைவிடவில்லை.

கல்யாண வீட்டில் உக்கிராண அறையின் சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுப்பார்கள். அரிசியும் பருப்பும் நெய்யும் அவர் கையில்தான் இருக்கும். ஆனால் ஒரு படிகூட அவருடையதல்ல. பந்தியில் குறை வந்தால் பதில் சொல்லவேண்டியவர் அவர். டேலியலுக்குப் பின்வந்தவர்கள் அந்த உக்கிராணக்காரர்களைப் போன்றவர்கள். என் நண்பரோ தம்மை உடையவன் என்று நினைத்தார். உடையவன், "போனால் போகிறது, வேறு வாங்கலாம்" என்பான். உக்கிராணக்காரன் அப்படிச் சொல்லமுடியாது.

இந்தப் பொறுப்பு மீன் வீட்டுக்கு வந்தபின் தொடங்குவதல்ல. அது எப்படி வந்தது என்பதிலேயே தொடங்குகிறது. பிலிப் ஹென்றி காஸ் என்னும் ஆங்கில அறிஞர் 1854-ல் கடல்நீர்த் தொட்டியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தெய்வ பயமுள்ள மனிதர்; கடலின் அதிசயங்களை எல்லாரும் கண்டு வியக்கவேண்டும் என்பதே அவர் ஆசை. நூலைப் படித்தவர்கள் கூட்டங்கூட்டமாகக் கடற்கரைக்குப் போய்ப் பாறைக் குட்டைகளில் இருந்ததையெல்லாம் பெயர்த்தெடுத்தார்கள். அழகு நிறைந்திருந்த குட்டைகள் பாழாயின; தாம் எழுதியதும் அதற்கு ஒரு காரணமாயிற்றே என்று தகப்பனார் வருந்தியதை அவர் மகன் எட்மண்ட் காஸ் 1907-ல் தம் நூலில் எழுதிவைத்தார். நல்ல எண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நம் கரைக்கும் இந்தக் கதை தெரியும். மன்னார் வளைகுடாவில் இராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் இருந்தன. அவற்றைச் சுற்றியிருந்த பவளப் பாரை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்கு ஏற்றினார்கள். அலையைத் தடுக்கும் பார் போனது. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கின. 1986-ல் அப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001-ல் பார் கட்டும் பவளங்களும் கடற்குதிரைகளும் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டு, புலிக்குள்ள பாதுகாப்பைப் பெற்றன. ஆகவே நம் கடலிலிருந்து உயிர்ப் பவளம் எடுத்துத் தொட்டியில் வைப்பது சட்டப்படியும் குற்றம்.

மீனை வாங்குமுன்னும் ஒரு வார்த்தை கேட்கவேண்டும்: "இது கடலில் பிடித்ததா, தொட்டியில் குஞ்சு பொரித்ததா?" 1960-களில் பிலிப்பைன்ஸ் தீவுகளில் அலங்கார மீன் பிடிக்கப் பார் இடுக்குகளில் சயனைடு என்னும் கொடிய நஞ்சைப் பீச்சும் வழக்கம் தொடங்கியது. மீன் மயங்கிக் கைக்கு வரும், பவளம் மடியும். கோமாளி மீன்களையோ தொட்டியிலேயே முட்டையிடச் செய்து வளர்க்கலாம். மண்டபத்திலுள்ள அரசாங்கக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்திலும் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

"இவ்வளவு தொல்லை எதற்கு? வேண்டாமென்றால் கடலில் விட்டுவிட்டால் போகிறது" என்பார் சிலர். அதுவும் புண்ணியமாகாது. 1985-ல் அமெரிக்காவின் புளோரிடா கரையில் சிங்க மீன் ஒன்று அகப்பட்டது. அது நம் பக்கத்துக் கடல்களைச் சேர்ந்த மீன். தொட்டிகளில் வளர்த்தவர்கள் விட்டதிலிருந்தே அது அங்கே பரவியிருக்கவேண்டும் என்பது அறிஞர்கள் கருத்து. இன்று அது கரீபியக் கடலெங்கும் பெருகி, அங்குள்ள சிறு மீன்களைத் தின்று தீர்க்கிறது. ஒருவருடைய சலிப்பு ஒரு கடலுக்கே தீமையாய் முடியலாம்.

அப்படியானால் தொட்டியே வேண்டாமா? நான் அப்படிச் சொல்லவில்லை. கடலருகே வாழ்ந்தும் பாரின் அழகைக் கண்ணால் காணாதவர்கள் நம்மில் அநேகர். கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடானால், பவளத்துக்குள் வாழ்ந்து அதற்கு உணவூட்டும் நுண்பாசிகள் அதைவிட்டுப் போய்விடுகின்றன, பவளம் வெளுத்துப்போகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் இது நேர்ந்தது. செய்தியாகக் கேட்டால் நமக்கு உறைப்பதில்லை. இரண்டு டிகிரி சூடு ஏறினதற்குத் தன் தொட்டியிலே ஒரு ஜீவன் வாடுவதைப் பார்த்த பையனுக்கு அது உறைக்கும். நேசத்தைக் கற்றுக்கொள்ள இது ஒரு நல்ல பள்ளிக்கூடம். ஆனால் அங்கே சம்பளம் கட்டுவது பணத்தினால் அல்ல, கவனத்தினால்.

நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுவே: "மின்சாரம் நின்றது உங்கள் குற்றமல்ல. ஒருவரிடமும் சொல்லாமல் போனது உங்கள் குற்றம். 'மீன்தானே' என்று சொன்னது அதைவிடப் பெரிய குற்றம். பையனிடம் அதை ஒப்புக்கொள்ளுங்கள்."

போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். தொட்டியில் மறுபடியும் உப்புநீர் நிரம்பியிருந்தது. பாறைகள் இருந்தன, மீன் ஒன்றும் இல்லை. "இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, மாமா, அதற்குப் பிறகுதான் மீன்" என்றான் பையன். சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: எந்த நாளில் யார் வற்றின நீர் ஊற்றுவது, யார் உப்பு அளப்பது, வெளியூர் போனால் யாரிடம் சொல்லிவிட்டுப் போவது, மின்சாரம் நின்றால் எந்த பாட்டரிப் பம்பைப் போடுவது என்றெல்லாம் அவன் கையெழுத்தில் எழுதியிருந்தது. தகப்பன் பெயர் வாரத்தில் நாலு நாள் வந்தது. தாயின் பெயர் எங்குமே இல்லை.

பெற்றோர்களே, பிள்ளை ஒரு மீனையோ கிளியையோ நாய்க்குட்டியையோ கேட்டு அடம்பிடிக்கும்போது, வாங்கிக் கொடுக்குமுன் அப்படி ஒரு தாளை எடுத்து வைத்து இருவருமாக எழுதிப் பாருங்கள். நாட்களெல்லாம் பெயரால் நிரம்பினால் வாங்குங்கள். நிரம்பாவிட்டால், அந்த ஜீவன் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.