உறுதியும் உழைப்பும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த தர்மபுரத்தையும், அதைப் போலவே கிளிநொச்சி மாவட்டத்தில் காடு வெட்டி உருவான ஏனைய குடியேற்றக் கிராமங்களையும் நோக்குவோருக்கு, அறநூல்கள் பொதுப்படையாகப் பேசும் ஒரு கேள்வி அங்கே வேலியும் வரப்பும் கிணறுமாகக் கண்முன் நிற்பது தெரியவரும். ஒரு துண்டு நிலத்தில் நாற்பது ஆண்டுகளாகக் குடியிருந்து, கட்டை பிடுங்கி, கிணறு வெட்டி, தென்னை வைத்து, பிள்ளைகளைப் பெற்று ஆளாக்கிய குடும்பம் ஒருபுறம். அந்நிலத்துக்கு உறுதியோ அனுமதிப்பத்திரமோ தம் பெயரில் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்திலோ கடல் கடந்த நாட்டிலோ வாழ்பவர் மறுபுறம். இவ்விரு திறத்தாருள் அக்காணி எவருக்கு உரியது? நீதிமன்றம் இதற்கு ஒரு விடை கூறும். அவ்விடையோடு தர்மத்தின் கேள்வியும் தீர்ந்துவிடுகிறதா என்பதே ஆராயத்தக்கது.

நிலத்தில் இருப்போருள் பலர் மலைநாட்டிலிருந்து வந்தவர்களும் அவர்களுடைய சந்ததியினருமாவர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அம்மலைநாட்டின் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தமோ, அம்மக்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பின்னர் தீர்மானிப்பதென ஒத்திவைத்தது. பங்கிடப்பட்டவர்களிடம் எவரும் விருப்பம் கேட்கவில்லை. எழுபதுகளின் முற்பகுதியில் தோட்டங்களை வாட்டிய பஞ்சமும், 1958, 1977ஆம் ஆண்டுகளின் தமிழருக்கெதிரான வன்செயல்களும் அவர்களுள் ஒரு பகுதியினரை, கிளிநொச்சி உள்ளிட்ட வன்னிக் காடுகளுக்குத் தள்ளின. டேவிட் அவர்களும் வைத்தியர் இராஜசுந்தரம் அவர்களும் நடத்திய காந்தியம் இயக்கம் வவுனியாவை மையமாகக் கொண்டு அத்தகையோரைக் குடியமர்த்தப் பாடுபட்டது. அத்தொண்டுக்குக் கிடைத்த பலன், 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டதேயாகும். வந்தவர்களுள் சிலர் அரச காட்டில் கொட்டில் போட்டனர். வேறு சிலர் தனியாருடைய காணிகளில் கூலிகளாக அமர்ந்து, காணிக்காரர் வாய்மொழியாகக் காட்டிய மூலையில் அடுப்பு மூட்டினர். எழுத்து வேண்டுமென்று கேட்கும் துணிவு அவர்களுக்கு இருக்கவில்லை. பிரசாவுரிமையே இல்லாதவர்களுக்கு அனுமதிப்பத்திரம் எட்டாத பொருளாகவே இருந்தது.

உறுதியின் பக்கம் நிற்கும் நியாயத்தை அற்பமென்று ஒதுக்கிவிட இயலாது. எழுத்தில்லாத ஊரில் வலியவன் நாட்டிய கல்லே எல்லையாகும். தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த பணத்தைக் கொடுத்துக் காணி வாங்கிய ஆசிரியரோ எழுதுவினைஞரோ, அவ்வெழுத்தை நம்பித்தான் தம் முதுமையையும் தம் மகளின் சீதனத்தையும் அதன்மேல் வைத்திருந்தார். எனினும் எழுத்து உரிமைக்குச் சாட்சியாகுமேயன்றி, உரிமை பிறக்கும் இடமாகாது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடுகளும் தரிசுகளும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை என்று அனுமானித்தபோது, ஆங்கில அரசாங்கம் அக்காடுகளில் ஒரு கன்றும் நட்டிருக்கவில்லை. அந்த அனுமானத்தின் வழிவந்தவையே பின்னாளில் அரசாங்கம் வழங்கிய காணிப் பத்திரங்கள் யாவும். மேலும், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் அனுமதிப்பத்திரம் நிபந்தனையற்ற கொடையன்று. நிலத்தைத் திருத்திப் பயிரிட வேண்டும், நிபந்தனைகளை மீறினால் பத்திரம் இரத்தாகலாம் என்பது அதன் சாரம். ஆகவே, வாங்கிய நாள் முதல் காணியின் பக்கமே திரும்பாத ஒருவர் அப்பத்திரத்தை நீட்டி, அங்கு வியர்வை சிந்தியவரை எழுந்து போகச் சொல்வாராயின், அவர் அப்பத்திரத்தின் ஆன்மாவுக்கே மாறாக அதைப் பயன்படுத்துகிறார்.

உழைப்பே உடைமையைத் தருகிறது என்னும் எண்ணம் புதியதன்று. வர்ணபேதங்களை வலியுறுத்தியதால் பலராலும் நியாயமாகவே கண்டிக்கப்படும் மநுதர்ம சாஸ்திரங்கூட, நிலம் அதிலுள்ள கட்டைகளை அகற்றியவனுக்குரியது என்று ஓரிடத்தில் ஒப்புக்கொள்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேய அறிஞர் ஜோன் லொக்கும் அக்கருத்தையே விரித்துரைத்து, பிறருக்கும் போதிய அளவு நல்ல நிலம் எஞ்சியிருக்க வேண்டும் என்றொரு வரம்பையும் சேர்த்தார். இவர்களிடம் போகாமலே, 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையைப் பார்த்தாலும் போதும். நிலம் ஒருவருடையதாயிருக்க, அதில் மற்றொருவர் நட்டு உண்டாக்கினால், நட்டவருக்கும் பலனில் பங்குண்டு என்பதை அது ஏற்றுக்கொண்டது. மண்ணுக்கு உரியவர் என்பதாலேயே அதன்மேல் எழுந்த அனைத்துக்கும் உரியவராகிவிட முடியாது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். அந்த நுட்பம் இன்றைய காணி வழக்குகளில் மங்கிப்போயிருப்பது வருந்தத்தக்கது.

ஆனால் இங்கே ஒரு தடை உண்டு. காணியை விட்டுச் சென்றவர் எல்லோரும் அதைக் கைவிட்டவர்களல்லர். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, தனியார் காணியொன்றைப் பத்தாண்டுகள் இடையூறின்றி எதிருரிமையுடன் ஆண்டவர் அதற்கு உரித்துடையவராகலாம். அந்த விதியை வன்னியில் அப்படியே பிரயோகித்தால், குண்டுக்கு அஞ்சி ஓடியவருடைய ஓட்டமே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும். இதை உணர்ந்தே 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை, ஆயுதமேந்தியோரின் நடவடிக்கைகளால் தம் உரிமையை நாட முடியாமற்போனவர்களுக்கு எதிராகக் கணக்கிடலாகாதென விதித்தது. அது நியாயமானதே. ஆயினும் அதே யுத்தத்தைத் தலையில் சுமந்தவர்கள், காணியில் இருந்தவர்களும்தாம். 2009 சனவரியில் போர் தர்மபுரத்தைக் கடந்தபோது அவர்களும் எல்லாவற்றையும் விட்டு நடந்து, முள்வேலி முகாம்களில் கிடந்து, பின்னர் திரும்பிவந்து, அதே மண்ணை இரண்டாம் முறையும் திருத்தினார்கள். போகாமலிருந்தவருக்கும் போக நேர்ந்தவருக்கும் இடையே எவர் அதிகம் துன்புற்றார் என்று தராசு பிடிப்பது அறமாகாது.

இதனினும் கடினமான ஆட்சேபம் ஒன்றுண்டு. அதைத் தவிர்த்துச் செல்வது நேர்மையாகாது. உழுதவனுக்கே நிலம் என்றால், முல்லைத்தீவின் மணலாற்றில் 1984இல் தமிழ்க் கிராமத்தவர் வெளியேற்றப்பட்டபின் அரச உதவியோடு குடியமர்த்தப்பட்டோரும் இதே வாதத்தை எடுத்துரைக்கலாமே? அவர்களும் ஏழைகள்; அவர்களும் உழுதவர்கள். உழைப்பை மட்டும் அளவுகோலாகக் கொள்பவர்களுக்கு இதற்கு விடை கிடையாது. உழைப்பு உரிமையாக முதிர்வதற்கு, அந்த உழைப்புத் தொடங்கிய வாசல் குற்றமற்றதாயிருத்தல் வேண்டும். ஒருவரைத் துரத்திவிட்டு வெறுமையாக்கிய நிலத்தில் சிந்திய வியர்வை அனுதாபத்துக்கு உரியதாகலாம், அந்த ஏழைக்கு வேறிடத்தில் வாழ்வளிக்கும் கடமையை அரசின்மேல் சுமத்தலாம், ஆனால் துரத்தப்பட்டவரின் உரிமையை அழித்துவிடாது. மலைநாட்டிலிருந்து வந்தவர்களோ, தாமே துரத்தப்பட்டவர்களாய், எவரும் இராத காட்டிலும், உரியவரே அழைத்து இருத்திய மூலையிலும் கால் வைத்தார்கள். இந்த வேறுபாடே இங்கு அடிப்படையானது. இதைத் தமக்குச் சாதகமான இடத்தில் மட்டும் ஏற்றுக்கொண்டு, தம்மவர் குடியிருக்கும் பிறர் காணியில் மறந்துவிடுதல் தமிழருக்கும் தகாது.

எழுத்தில்லாக் குறை ஒன்றோடு நிற்பதுமில்லை. யுத்தத்தின்பின் இந்திய அரசாங்கத்தின் உதவியோடு 50,000 வீடுகள் கட்டும் திட்டம் வந்தபோது, காணிக்கு ஆவணம் காட்ட இயலாதவர்கள் வீட்டுக்கும் வரிசையின் கடைசியில் நிற்க நேர்ந்தது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் வாரிசு முறையில் ஆண்மக்களுக்கே முதலிடம் என்றிருந்ததால், எழுத்திருந்த குடும்பங்களிலும் பெண்மக்கள் பின்னிறுத்தப்பட்டனர். 2022இல்தான் அது திருத்தப்பட்டது.

அரச காணியைப் பொறுத்தவரை செய்யவேண்டியது தெளிவாகவே உள்ளது. காணிக் கச்சேரியில் பத்திரத்தை மட்டும் கேளாமல், கிணற்றின் வயதையும், தென்னையின் வயதையும், பள்ளிக்கூட இடாப்பிலும் வாக்காளர் இடாப்பிலும் உள்ள பெயர்களையும் சாட்சியமாக ஏற்றுக் குடியிருப்போர் பெயரில் எழுதிக் கொடுத்துவிடலாம். தனியார் காணியில்தான் இரு நியாயங்களும் மோதுகின்றன. அங்கே காணிக்காரரின் இழப்பைக் கூலிக்காரன் சுமப்பதும், கூலிக்காரனின் வாழ்வைக் காணிக்காரர் சுமப்பதும் ஒக்க அநீதியாகும். இருவரையும் இந்நிலைக்குக் கொணர்ந்த சட்டங்களையும் யுத்தத்தையும் நடத்திய அரசே அதைச் சுமத்தல் வேண்டும். அதற்குக் கருவி இல்லையென்று சொல்வதற்கில்லை. 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டம் பொதுத் தேவைக்காகத் தனியார் காணியை நட்டஈடு கொடுத்து எடுக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2013இல் வலிகாமம் வடக்கில் இராணுவத்துக்காக 6,381 ஏக்கரை எடுப்பதற்கு அச்சட்டத்தின் கீழேயே அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. படைமுகாம் பொதுத் தேவையாகுமாயின், மூன்று தலைமுறையாக நிலமற்றிருந்தவர்களுக்கு அரை ஏக்கர் குடியிருப்பும் பொதுத் தேவையேயாகும். காணிக்காரருக்கு உரிய விலையை அரசு கொடுத்து, அவ்வரை ஏக்கரை அங்கே கிணறு வெட்டியவரின் பெயரில், அவர் மனைவியின் பெயரையும் சேர்த்து, எழுதிக் கொடுக்கட்டும்.