அப்பா வரட்டும்

குறும்பு செய்த பிள்ளையைப் பார்த்து, பொறுமை இழந்த தாய் சொல்கிறாள்: "இரு, அப்பா வரட்டும்." இராயபுரத்தின் சந்துகளிலும், காசிமேட்டின் அடுக்குக் குடியிருப்புகளிலும், திருவொற்றியூரின் தொழிலாளர் வீடுகளிலும், எண்ணூர்க் குப்பங்களிலும் நாம் கேட்டு வளர்ந்த சொற்கள் இவை. நாமே நம் பிள்ளைகளிடம் சொல்லியும் இருக்கிறோம். இவ்விரு சொற்களுக்குள் தந்தையைப் பற்றிய ஒரு முழுக் கொள்கையே அடங்கியிருப்பதை நாம் கவனிப்பதில்லை. தந்தை என்பவர் இப்போது இங்கே இல்லாதவர், பின்னர் வரப்போகிறவர், வரும்போது தண்டனையோடு வருகிறவர்.

வருகிறவரின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். விடியுமுன் முதல் ஷிப்டுக்குப் புறப்பட்டுப் போனவர், மேலதிக வேலையையும் முடித்துவிட்டு இரவு எட்டு மணிக்கு வாசலில் வண்டியை நிறுத்துகிறார். குற்றம் நடந்தபோது அவர் அங்கு இல்லை. சாட்சி ஒருவரே, வழக்குத் தொடுப்பவரும் அவரே. தீர்ப்பை மட்டும் இவர் வழங்க வேண்டும். பசித்தவரின் தீர்ப்பு எப்படி இருக்கும் என்பதை நாம் அறிவோம். சில வீடுகளில் அது அடியாக விழுகிறது. சில வீடுகளில் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று தள்ளிவைக்கப்படுகிறது. எதுவானாலும், தெருமுனையில் அந்த வண்டியின் ஓசை கேட்டவுடன் பிள்ளை பாடப்புத்தகத்தைத் தேடி எடுக்கிறது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இப்படியே கழிந்தால், 'அப்பா வந்துவிட்டார்' என்பது அவ்வீட்டில் ஓர் எச்சரிக்கையாகவே நிலைத்துவிடும். ஞாயிறன்று அதே பிள்ளை கோயிலில் நின்று, இறைவனைத் தந்தை என்று விளித்து, ஆண்டவர் கற்றுத்தந்த செபத்தைச் சொல்கிறது. அச்சொல்லுக்குள் எந்த முகத்தை வைத்துச் சொல்கிறது என்று கேட்டுப் பார்க்க நாம் துணிந்ததில்லை.

இப்படிச் சொன்னால் தந்தையர் மனம் வருந்துவார்கள். "யாருக்காக இப்படி உழைக்கிறேன்? எல்லாம் இவர்களுக்காகத்தானே!" என்பார்கள். இப்பதிலில் பொய் இல்லை. வாடகையும், பள்ளிக் கட்டணமும், மூத்த மகளின் கல்லூரிக் கட்டணமும், வட்டியும் அந்த ஒற்றைக் கூலியிலிருந்துதான் போகின்றன. அதை ஏளனம் செய்ய எவருக்கும் உரிமையில்லை. ஆயினும், பிள்ளைக்காக உழைப்பதும் பிள்ளையை வளர்ப்பதும் ஒன்றேதானா என்ற வினா எஞ்சுகிறது. முன்னதைத் தொலைவிலிருந்தும் செய்யலாம், முகம் காணாமலும் செய்யலாம். பின்னதை அப்படிச் செய்ய இயலுமா?

1965 டிசம்பர் 7 அன்று வெளியான 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் சங்க ஏடு, பிள்ளைகளின் உருவாக்கத்துக்குத் தந்தையின் ஈடுபாடுள்ள உடனிருப்பு பெரிதும் பயன்படுகிறது என்ற கருத்தைத் தெளிவாக முன்வைத்தது. உடனிருப்பு நம் மறையுரைகளில் அடிக்கடி ஒலிக்கும் சொல்தான். ஆனால் நற்கருணையைப் பற்றிப் பேசும்போதே அதை மிகுதியும் கேட்கிறோம், சமையலறைத் தரையில் மகனோடு அமர்ந்து சாப்பிடுவதைப் பற்றி அல்ல. 1981 நவம்பரில் குடும்பத்தைப் பற்றி எழுதிய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இன்னும் ஒரு படி மேலே சென்றார். தந்தை இல்லாமை பிள்ளையின் உள்ளத்தைப் பாதிக்கிறது. அடக்கி ஒடுக்கும் தந்தை இருப்பதும் அதே அளவுக்குப் பாதிக்கிறது என்று இரண்டையும் அருகருகே வைத்தார். இவை இருவேறு வகைத் தந்தையரைக் குறிப்பன என்றே நாம் எண்ணி வந்தோம். 'அப்பா வரட்டும்' என்ற சொல்லைக் கேட்கும்போது, பகலெல்லாம் இல்லாதவரும் இரவில் அடக்குபவரும் ஒரே மனிதராக இருக்கக்கூடும் என்பது புலப்படுகிறது.

இது எப்படி நேர்ந்தது என்பதை நம் பகுதியின் ஊர்ப்பெயர்களே ஓரளவு சொல்லிவிடும். இராயபுரம், மீனவராகிய இராயப்பரின் பெயரால் அமைந்தது என்பது வழிவழியாக வழங்கிவரும் விளக்கம். சற்று வடக்கே, மெட்ரோ ரயில் நிற்கும் விம்கோ நகரோ ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இவ்விரு பெயர்களுக்கும் இடையில் நம் தந்தையரின் வாழ்வு இடம் மாறியது.

சென்னைக்குத் துறைமுகம் அமையுமுன், கப்பல்கள் கரையை நெருங்க இயலாமல் தள்ளியே நங்கூரமிட்டன. அலைகளைத் தாண்டி மசூலா படகுகளில் சரக்கையும் பயணிகளையும் கரைசேர்த்தவர்கள் படகோட்டிகள். இராயபுரத்துத் தூய பேதுரு ஆலயம் எழுந்ததில் அவர்களுடைய உழைப்புக்குப் பெரும்பங்கு உண்டு. படகோட்டியின் மகனுக்கும் மீனவரின் மகனுக்கும் தந்தையின் வேலை கண்முன் இருந்தது. வலையின் எந்தக் கண்ணி கிழிந்திருக்கிறது, வாடை எழும்போது படகை எப்படித் திருப்ப வேண்டும், பங்கு பிரிக்கையில் யார் ஏமாற்றுகிறார், அப்போது அப்பா என்ன செய்தார் ஆகிய எல்லாவற்றையும் அவன் பக்கத்தில் நின்றே கற்றான். தந்தை தனியே அமர்ந்து அறிவுரை சொல்ல வேண்டிய தேவை அங்கு அதிகம் எழவில்லை.

பின்னர் ஆலைகள் வந்தன. 1950-களில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளும், எண்ணூரில் லேலண்ட் லாரியும் உருவாகத் தொடங்கின. அடுத்த பத்தாண்டில் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் எழுந்தது. இவற்றைக் குறைகூறுவது எளிது, ஆனால் நன்றி மறந்த பேச்சாகும். கடல் தராத மாதச் சம்பளத்தையும் வைப்பு நிதியையும் ஓய்வு நாளையும் அவை தந்தன. நம் குடும்பங்களில் முதல் பட்டதாரிகள் பலர் அந்தச் சம்பளத்தில் படித்தவர்கள். ஆனால் ஆலைக்கு ஒரு வாயிற்கதவு உண்டு. அதற்கு அப்பால் பிள்ளை போக முடியாது. தந்தையின் திறமை, தோழமை, நேர்மை, அவர் மேலாளரை எதிர்த்துப் பேசிய ஒரு நாள் ஆகிய யாவும் கதவுக்கு உள்ளேயே நின்றுவிட்டன. வீட்டுக்கு வந்து சேர்ந்தது களைப்பு மட்டுமே.

சில ஆண்டுகளுக்கு முன், நமக்குத் தெரிந்த ஒரு பங்கில், புனித சூசையப்பரின் மாதமான மார்ச்சில் மறைக்கல்வி ஆசிரியை ஒருவர் பிள்ளைகளிடம் தந்தையின் வேலையைப் பற்றி எழுதச் சொன்னார். மீனவர் வீட்டுப் பிள்ளைகள் படகின் நிறம் தொடங்கி மீன்களின் பெயர்கள் வரை எழுதித் தள்ளினார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் ஒரே வரியோடு நிறுத்திக்கொண்டார்கள்: அப்பா கம்பெனிக்குப் போகிறார். கம்பெனியில் என்ன செய்கிறார் என்று கேட்டதற்கு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

'சூசையப்பரைப் போல இருங்கள்' என்று தந்தையருக்குச் சொல்வது நம் மறையுரைகளின் வழக்கம். அவருடைய வாயிலிருந்து வந்த ஒரு சொல்லைக்கூட நற்செய்திகள் பதிவு செய்யவில்லை என்பதும், ஊரார் இயேசுவை அத்தச்சரின் மகன் என்றே அடையாளம் கண்டனர் என்பதும் உண்மையே. ஆனால் நாசரேத்துப் பட்டறைக்கு வாயிற்கதவோ இரவு ஷிப்டோ இருந்ததாக நாம் எண்ணுவதில்லை. சொல்லாமலே கற்பிக்க அவருக்கு இடமும் நேரமும் வாய்த்தன. அவை பறிக்கப்பட்டவரிடம் அதே மௌனத்தைப் பரிந்துரைப்பது சரியா? மௌனமான சூசையப்பரைக் காட்டிலும், மூன்று நாள்கள் எருசலேமில் மகனைத் தேடி அலைந்த சூசையப்பரே நம் தொழிலாளிக்கு நெருங்கியவர் எனத் தோன்றுகிறது.

நம் கடலோரத்துக்கு இன்னொரு தந்தையும் உண்டு. அவரைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. செபதேயு. மக்கள் இருவரும் அவரோடு படகில் வலைகளைச் சீர்செய்துகொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. அவரைக் கூலியாள்களுடன் விட்டுவிட்டு அவர்கள் போனார்கள். அவர் என்ன நினைத்தார் என்று நற்செய்தியாளர் சொல்லவில்லை. இன்று காசிமேட்டில் எத்தனையோ செபதேயுக்கள். "கடல் என்னோடு போகட்டும், மகன் படித்துக் கரையேறட்டும்" என்று தம் தொழிலை வேண்டுமென்றே கற்றுக்கொடுக்காமல் விடுகிறார்கள். இதுவும் தந்தைமைதான், ஒருவேளை அதன் மிகக் கடினமான வடிவம். ஆனால் தொழிலைக் கையளிக்காதவர் வேறு எதைக் கையளிக்கப் போகிறார் என்ற கேள்வியிலிருந்து அவரும் தப்ப முடியாது. ஆலைத் தொழிலாளியும் அவரும் அங்கே ஒரே படகில் இருக்கிறார்கள்.

பழியைத் தந்தையின் தலையில் மட்டும் சுமத்துவது அறமாகாது. ஒரு மகன் உருவாவதைப் பற்றிப் புறநானூற்றில் பாடிய பொன்முடியார், தாய்க்கும் தந்தைக்கும் கடமை வகுத்ததோடு நிற்கவில்லை. கொல்லனுக்கும் வேந்தனுக்கும்கூடப் பங்கு வைத்தார். போருக்கான மகன் அவன் என்பதை விட்டுவிடுவோம். பிள்ளை வளர்ப்பில் அரசுக்கும் பங்குண்டு என்னும் அந்த எண்ணம் இன்றும் பொருந்துகிறது. 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறியது. வார வரம்பு 48 மணி நேரமாகவே இருக்கும் என்று விளக்கம் தரப்பட்டது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, பத்தே நாளில், மே முதல் நாள், அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். 1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் தொழிலாளரான புனித சூசையப்பரின் விழாவாக ஏற்படுத்திய நாளும் அதுவே. அந்தப் பத்து நாள் விவாதத்தில் உற்பத்தியும் ஊதியமும் உடல்நலமும் பேசப்பட்டன. பன்னிரண்டு மணி நேரம் போனபின் பிள்ளைக்கு எவ்வளவு தந்தை மிஞ்சுவார் என்ற கேள்வி நம் காதில் அதிகம் விழவில்லை. துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையில் காத்துக்கிடக்கும் ஓட்டுநருக்கும், நாளை வேலை உண்டா என்றறியாத ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அக்கேள்வி திரும்பப் பெறப்படவில்லை.

அப்படியானால், நேரம் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இங்கேதான் நாம் நம்மையே கடுமையாகச் சோதித்துப் பார்க்க வேண்டியுள்ளது. கிழக்குக் கடற்கரையில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. பள்ளி விடுமுறையும் பெரும்பாலும் அப்போதே. வாரக்கணக்கில் கடலில் கிடந்த தந்தை வீட்டில் இருக்கிறார், பிள்ளையும் இருக்கிறது. இதைவிட நல்ல வாய்ப்பு எங்கே? ஆனால் வருமானம் இல்லாத அந்நாள்களில்தான் கடன்காரர் வாசலுக்கு வருகிறார். சில வீடுகளில் சண்டையும் குடியும் மிகுதியாவதும் அப்போதே. மீன்கூடையைச் சுமந்தும், பிறர் வீட்டில் பாத்திரம் தேய்த்தும் குடும்பத்தை இழுத்துச் செல்கிற தாய்க்கோ தடைக்காலமே கிடையாது. அதே தெருவில், அதே கடனோடு, மகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கிற ஒருவரையும் பார்க்கிறோம். இருவருக்கும் கிடைத்தவை அதே 61 நாள்கள்தாம். எனவே நேரத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் தப்பிவிட முடியாது. இல்லாமையே பழக்கமாகிப்போனவருக்கு, வீட்டில் என்ன பேசுவது என்பதே மறந்துவிடுகிறது. அதை மீண்டும் கற்க வேண்டும். கற்பதற்கு வெட்கப்படவும் கூடாது. தந்தையாகப் பிறப்பவர் எவருமில்லை, ஒருவர் அப்படி ஆகிறார் என்ற பொருள்பட, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2020 டிசம்பரில் சூசையப்பரைப் பற்றிய தம் மடலில் எழுதியது நமக்கு இங்கே ஆறுதலாகிறது.

2023 டிசம்பர் 26 அன்று நள்ளிரவை ஒட்டி, எண்ணூர்ப் பெரியகுப்பத்துக்கு அருகே, உர ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக மக்கள் இருட்டில் வீடுகளைவிட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிய தந்தையரை எண்ணிப் பார்க்கிறோம். ஆலைகளை நம்பி வாழும் ஊர் இது. பிள்ளையின் மார்பை அடைக்கிற காற்றும் பிள்ளைக்குச் சோறிடுகிற கூலியும் ஒரே திசையிலிருந்து வருகிற ஊரில், காப்பாற்றுவது என்றால் என்ன? வேலையை விடுவதா, வீட்டை மாற்றுவதா, சங்கத்தில் எழுந்து பேசுவதா? எளிதான விடை நம்மிடம் இல்லை. ஆனால் அந்தத் தந்தை எந்த விடையைத் தேர்ந்தாலும், ஏன் அப்படித் தேர்ந்தார் என்பதைப் பிள்ளை அவர் வாயால் கேட்டிருக்க வேண்டும். அப்பாவுக்கும் அச்சம் உண்டு, அப்பாவுக்கும் வழி தெரியாத நேரம் உண்டு என்று அறிந்த பிள்ளை அவரை மதிக்காமல் போய்விடும் என்று நாம் பயப்படுகிறோம். நாம் கண்டவரையில் நடப்பது நேர்மாறு.

அந்த மறைக்கல்வி ஆசிரியை அடுத்த ஆண்டு மார்ச்சில் தந்தையரையே வகுப்புக்கு அழைத்தார். இருபதுக்கு மேற்பட்ட வீடுகளுக்குச் சொல்லியும் வந்தவர்கள் ஐவர். அவர்களுள் ஒருவர் ஓர் ஆலையில் இரும்புத் தகடுகளை அழுத்தி வளைக்கும் பிரஸ் மெஷினில் வேலை செய்பவர். கடைசி பெஞ்சில் ஒடுங்கி அமர்ந்திருந்தார். முறை வந்ததும் எழுந்து, கைகளால் அந்த இயந்திரம் மேலும் கீழும் போவதைக் காட்டிக்கொண்டே, தாம் செய்வதைத் தட்டுத்தடுமாறிச் சொன்னார். அவருடைய மகள், ஏழாம் வகுப்புப் படிப்பவள், கை தூக்கினாள்.

"அப்பா, அங்க ரொம்ப சத்தமா இருக்குமா?"

"பக்கத்துல நிக்கிறவன் பேசுறதே கேக்காதும்மா. கத்தித்தான் பேசணும். அதான் வீட்லயும் அப்படியே வந்துடுது."

சிறுமி எதுவும் சொல்லாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாம் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஆசிரியையிடம் சொல்லிவிட்டு வெளியே போய் வண்டியை எடுத்தார்.