அளவையும் மனச்சான்றும்

சமுதாயக் கல்லூரியொன்றில் தரக்கட்டுப்பாடு பயின்று, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலைக்கமர்ந்த நம் பங்கு இளைஞர் ஒருவர், இரவு ஷிப்ட் முடித்து, காலைத் திருப்பலிக்கு முன்பே நம்மைத் தேடி வந்தார். “ஃபாதர், கையெழுத்துப் போட்டால் பாவமா?” என்றார்.

அவர் சோதித்த பீஸ்களில் சில, அனுமதித்த வரம்பைவிட மில்லிமீட்டரின் நூறில் இரண்டு பங்கு மிகுந்திருந்தன. லாரியோ வாசலில் நிற்கிறது. அளவை வரம்புக்குள் எழுதி ‘ஓகே’ சீட்டு ஒட்டும்படி சூப்பர்வைசர் சொல்கிறார். இவர் காண்ட்ராக்ட் தொழிலாளி. தங்கையின் படிப்புச் செலவு இவர் தலையில்.

நூறில் இரண்டு பங்கு! தலைமுடியின் பருமனிலும் குறைவு. இதற்காகவா வேலையைப் பணயம் வைப்பது என்று முதலில் நமக்கும் தோன்றியது, மறைப்பானேன்? சென்னை–மயிலை உயர்மறைமாவட்டம் 1996-இல் சமுதாயக் கல்லூரி தொடங்கியபோது, தொழில்திறனோடு வாழ்க்கைத்திறனும் பாடமாயிற்று. கையெழுத்தின் கனம் அதில் எந்தப் பாடத்தில் வருகிறதோ!

குருமடத்தில் நாம் பயின்ற பழைய வழக்கொன்று உண்டு. தீய நோக்குடன் பிறர் வீட்டுச் சன்னலில் ஏறும் எசமானனுக்கு, அச்சத்தால் தோள்கொடுக்கும் ஊழியன் சாவான பாவம் செய்வதில்லை என்ற கருத்தைத் திருத்தந்தை பதினோராம் இன்னொசென்ட் 1679-இல் கண்டித்தார். பின்னர் வந்த புனித அல்போன்ஸ் லிகோரியார், பிறர் தீவினையின் நோக்கத்தில் பங்குகொள்வதையும், நோக்கத்தில் சேராமல் செயலளவில் உதவ நேர்வதையும் பிரித்துக் காட்டினார். அச்சமும் வறுமையும் இரண்டாவதற்கு ஓரளவு இடம் தரலாம். ஆனால் பொய்யளவை எழுதுவது எவருக்கோ தோள்கொடுப்பதன்று. எழுதுபவர் தாமே சொல்லும் பொய்ச்சான்று. எட்டாம் கட்டளை அங்கே நேராக நிற்கிறது.

எனினும் குற்றம் முழுவதையும் அவர்மீது சுமத்துவது அநீதி. 1950 முதல் ஜப்பானியருக்குத் தரக்கட்டுப்பாடு கற்பித்த அமெரிக்கர் டெமிங், கடைசியில் நிற்கும் சோதனையாளரை நம்பித் தரத்தை உண்டாக்க இயலாது என்றார். பிழைகளுள் பெரும்பகுதி தொழிலாளியுடையதன்று, வேலையை அமைத்த நிர்வாகத்துடையது என்பது அவர் முடிவு. அவர் பெயரால் ஜப்பான் வழங்கும் விருதை இந்தியாவில் முதன்முதலாக 1998-இல் பெற்றது, அம்பத்தூரை அடுத்த பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவுதான். தொலைதூரத்துக் கொள்கையன்று இது. நம் பேருந்து போகும் வழியிலேயே இருந்த ஒன்று.

வரம்பு மீறிய பொருளெல்லாம் குப்பைக்குப் போக வேண்டியதுமில்லை. உள்ள அளவை உள்ளபடி எழுதி, வாங்குபவருக்கு அறிவித்து, பொறுப்புள்ளவரின் ஒப்புதலோடு ஏற்கும் முறை தொழிலிலேயே உண்டு. கல்லூரியில் தமக்கும் அதைக் கற்பித்ததாக அவர் சொன்னார். “அப்படியானால் தம்பி, லாரியை விடுவதா நிறுத்துவதா என்பது உமது முடிவன்று, அளவை மறைக்காதிருப்பதே உமது கடமை” என்றோம். சொல்வது நமக்கு எளிதாயிருந்தது. நம் கூலியை எவரும் பிடிக்கப்போவதில்லை.

அவர் உண்மை அளவையே எழுதினார். லாரி மறுநாள்தான் புறப்பட்டது. அடுத்த மாதம் அவருடைய காண்ட்ராக்ட் புதுப்பிக்கப்படவில்லை. இப்போது பூந்தமல்லிப் பக்கம் ஒரு பட்டறையில், குறைந்த சம்பளத்தில் இருக்கிறார். அவருடைய அன்னை ஞாயிறுதோறும் திருப்பலிக்கு வருகிறார்; நம்மோடு பேசுவதில்லை.