மூன்று தூரங்கள்

தரங்கம்பாடியின் பழைய நகர வாசலிலிருந்து கிங் ஸ்ட்ரீட் நேரே கடலுக்குப் போகிறது. கோட்டையைப் பார்க்கவென்றே வந்தவர் விறுவிறுவென்று நடந்தால் பத்து நிமிடத்தில் அலைக்குப் பக்கத்தில் நிற்கலாம். வயதான அம்மாவும் பத்து வயதுப் பிள்ளையும் கூட வந்தால் ஒரு மாலைப்பொழுதே அந்தத் தெருவுக்குப் போதாது. ஒருவருக்கு முழங்கால் வலி, இன்னொருவருக்கு ஒவ்வொரு கதவுக்கும் ஒரு கேள்வி. நடுவில் போகிறவர் இரண்டு பேருக்காகவும் நின்று நின்று போக வேண்டியிருக்கும். அப்படி நின்று போகும்போதுதான் அந்த ஊர் கொஞ்சமாவது கண்ணில் படுகிறது என்பது என் எண்ணம்.

மாலையில் போவது நல்லது. தெரு மேற்கிலிருந்து கிழக்கே போவதால் வெயில் முதுகில் விழும். காலையில் போனால் கடலிலிருந்து வரும் வெளிச்சத்தில் பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டே நடப்பார்கள். வாசல் 1792-ஆம் ஆண்டில், ஊர் டேனிஷ்காரர்கள் கையில் இருந்தபோது கட்டியது. வெள்ளைச் சுவர், மேலே டேனிஷ் அரச முத்திரை, பெரிய மரக்கதவு. ஊரைச் சுற்றி மதில் இருந்த காலத்தில் நிலத்துப் பக்கமிருந்து உள்ளே வர இதுதான் வழி. மதிலின் பெரும்பகுதி போய்விட்டது; வாசல் நிற்கிறது. சுவரே இல்லாத இடத்தில் கதவு எதற்கு என்று என் மகள் கேட்டாள். அதற்குள் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு அந்தக் கதவு வழியாகவே உள்ளே போனது. அவளுக்கு அதுவே பதிலாகிவிட்டது.

தெருவில் கொஞ்ச தூரத்துக்குள்ளேயே இரண்டு ஆலயங்கள். சீயோன் ஆலயம் 1701-இல் டேனிஷ்காரர்கள் தங்கள் வழிபாட்டுக்காகக் கட்டியது. புதிய எருசலேம் ஆலயம் 1718-இல் தமிழ்ச் சபைக்காக எழுந்தது. அதைக் கட்டியவர் சீகன்பால்கு என்ற பாதிரியார். 1706 ஜூலையில் புளூட்சோ என்ற தோழரோடு இந்தக் கரையில் இறங்கியபோது அவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார் என்று சொல்வார்கள். வளர்ந்த ஒருவர் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து 'அ' எழுதிப் பழகினார் என்பதை என் மகளால் நம்பவே முடியவில்லை. 'மத்த பசங்க சிரிச்சிருக்க மாட்டாங்களா?' என்றாள். சிரித்திருப்பார்கள். ஆனாலும் ஒன்பது ஆண்டுகளில் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு இங்கேயே அச்சாகிவிட்டது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்தன. அந்த அளவில் அச்சிட்டால் காகிதம் கட்டுப்படியாகாது. அதனால் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பக்கத்துப் பொறையாறில் காகிதப் பட்டறையும் வைத்தார்கள். இன்று நாம் வாசிக்கும் அச்சுத் தமிழின் கதையில் இந்தச் சின்னத் தெருவுக்குப் பெரிய இடம் உண்டு. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் அந்த ஆலயத்து மதிலை ஒட்டித்தான் சைக்கிள் மிதித்துப் போகிறார்கள். சீகன்பால்கு 36 வயதில் இறந்து, தான் கட்டிய ஆலயத்துக்குள்ளேயே அடக்கமாகியிருக்கிறார்.

இந்த ஆலயத்துக்கு ஏன் 'புதிய' என்ற அடைமொழி என்பதையும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். 1707-இல் கட்டிய முதல் எருசலேம் ஆலயம் கடலால் சேதமானது. அதற்குப் பதிலாக எழுந்ததுதான் இது. மகள் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். அந்தச் செய்தி அவள் மனதில் எங்கே போய் உட்கார்ந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வெள்ளைத் தூண் வைத்த பங்களாக்களை வெளியிலிருந்து பார்த்தாலே போதும். அம்மாவுக்கு அவற்றைவிடத் தட்டார் தெருவின் ஓட்டு வீடுகளும் திண்ணைகளும்தான் பிடித்தன. சுனாமிக்குப் பிறகு அங்கே சில பழைய வீடுகளைப் பழைய முறையிலேயே செப்பனிட்டிருக்கிறார்கள். ஒரு வீட்டுக்காரம்மாள் கேட்காமலேயே செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா திண்ணையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க மனமில்லாமல் பேசிக்கொண்டே இருந்தார். மாயவரம் பக்கத்து உறவெல்லாம் பேச்சில் வந்தது. கோட்டை அருங்காட்சியகத்தைச் சாத்திவிடுவார்களே என்று எனக்குத்தான் அவசரம்.

டேன்ஸ்போர்க் கோட்டை 1620-இல் தொடங்கியது. தஞ்சாவூர் இரகுநாத நாயக்கரோடு டேனிஷ் தளபதி ஓவே கெட்டே செய்த ஒப்பந்தத்தின் பேரில் கடலைப் பார்த்துக் கட்டினார்கள். நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்க ஏட்டில் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. கோட்டையின் கீழ்த்தளத்தில் கிடங்குகளும் சிறையும். மேல்தளத்தில் ஆளுநரும் பாதிரியாரும் இருந்த அறைகள். 1708-இல் சீகன்பால்குவையே இங்கே நான்கு மாதம் அடைத்து வைத்தார்கள். ஓர் ஏழை விதவையின் கடன் வழக்கில் அவள் பக்கம் நின்றதில் கோட்டையின் அப்போதைய தளபதிக்கு அவர்மேல் ஏற்பட்ட கோபம் அதற்கு ஒரு காரணம். தெருவில் பார்த்த ஆலயத்தைக் கட்டியவரும் இந்த அறையில் கிடந்தவரும் ஒருவரே என்று தெரிந்ததும் மகள் திரும்பவும் உள்ளே போய் அந்தச் சுவரைத் தொட்டுவிட்டு வந்தாள்.

மேல்தளத்தில் கடற்காற்றில் நின்றபடி அவளுக்கு 1845-ஐச் சொன்னேன். தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் டேனிஷ்காரர்கள் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள் என்றேன். அதை நான் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன், ஒருமுறைகூட உறுத்தியதில்லை.

'ஊர எப்படி விக்க முடியும்? உள்ள ஆளுங்க இருக்காங்கல்ல?'

நான் ஒப்பந்தம், வணிகம், நஷ்டம் என்று இழுத்தேன். அம்மாதான் பதில் சொன்னார். 'இருப்பாங்க. அவங்கள யாரு கேட்டா? காலைல எந்திரிச்சிப் பாத்தா வேற கொடி பறந்திருக்கும். அவங்க பாட்டுக்கு வலையத் தூக்கிட்டுப் போயிருப்பாங்க.'

விற்பனைப் பத்திரத்தில் நிலம் இருக்கும், கட்டடம் இருக்கும், பீரங்கி இருக்கும். அன்று காலையில் ஒரு பாட்டி தன் பேத்தியிடம் கொடி மாறியதைப் பற்றி என்ன சொன்னாள் என்பது அதில் இருக்காது.

கோட்டையிலிருந்து வடக்கே கரையோரமாக மாசிலாமணி நாதர் கோயில். 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அங்கிருக்கும் கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி என்று வருகிறது. அங்கே டேனிஷ்காரன் வருவதற்கு முன்னூறு ஆண்டு முந்தைய கல்லில் கை வைக்கலாம். ஆனால் கோயில் முழுதாக இல்லை. கடல்பக்கத்துப் பகுதிகளை அலை கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைக் காப்பாற்றக் கரையெங்கும் கருங்கல் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளை அந்தப் பாறைகள்மேல் ஏற விடக்கூடாது. பாசி வழுக்கும், அலையும் சொல்லிவிட்டு வராது. அம்மா சின்ன வயதில் வந்தபோது மணலில் நடந்த இடத்தில் இப்போது கல் கிடக்கிறது என்றார்.

அங்கேதான் மகள் கேட்டாள்: 'அப்பாயி, சுனாமி வந்தப்ப டென்மார்க்காரங்க இங்க இருந்தாங்களா?'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருத்த வாயெடுத்தேன். பிறகு யோசித்தால் அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. கடல் ஆலயத்தைக் கெடுத்தது என்று நான்தான் தெருவில் சொன்னேன். கடல் கோயிலைக் கொண்டுபோனதை அவள் கண்ணால் பார்த்தாள். 2004 டிசம்பர் 26 அவள் பிறப்பதற்கு முன்பு. 1707-உம் 1845-உம்கூட அப்படித்தான். அவளுக்கு எல்லாம் ஒரே தொலைவில் இருந்தன.

அம்மா சிரிக்கவில்லை. 'இல்லடி. இது நேத்துதான். உங்க அப்பாவுக்குக் கல்யாணம் கூட ஆவல' என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையைப் பற்றி மெதுவாகச் சொன்னார். இந்த மீனவர் தெருக்களில் நூற்றுக்கணக்கானவர்கள் போனதை, போனவர்களில் பிள்ளைகள் நிறைய இருந்ததை, ஊரில் அப்புறம் பல நாள் யாரும் மீன் வாங்காமல் இருந்ததை. மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். 'நீங்க அப்ப எங்க இருந்தீங்க?' என்றாள்.

அந்தக் கேள்வியில் ஏதோ நகர்ந்ததை நான் பார்த்தேன். ஒரு நிமிடத்துக்கு முன்புவரை பாண்டியனுக்குப் பக்கத்தில் எங்கோ இருந்த 2004, அவளுடைய அப்பாயி நின்ற இடத்துக்கு வந்துவிட்டது.

நாங்கள் மூன்று பேரும் ஒரே கரையில் நின்றோம். மூன்று தூரங்களில் நின்றோம். என்னிடம் ஆண்டுகள் வரிசையாக இருந்தன, 1306, 1620, 1706, 1845, 2004 என்று. அந்த வரிசை சரியானது, தேவையானது. ஆனால் அது புத்தகத்திலிருந்து வந்தது. அம்மாவுக்குப் பாண்டியனும் நாயக்கரும் டேனிஷ்காரரும் எல்லாம் ராஜா காலம், சுனாமி நேற்று. மகளுக்கு எல்லாமே ஒரு 'முன்னாடி'. இவர்கள் இரண்டு பேர் கணக்கும் தப்பு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. கடந்தகாலம் நமக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதை ஆண்டுக்கணக்கு சொல்வதில்லை. அதைச் சொன்னவர் எவ்வளவு பக்கத்தில் இருந்தார் என்பதுதான் சொல்கிறது. கூட நடந்துவரும் ஒருவர் சொல்லக் கேட்டது வெகுநாள் பக்கத்திலேயே இருக்கும். சொல்ல ஆளில்லாமல் போனது தூரமாகிவிடும், அது கருங்கல்லில் வெட்டியிருந்தாலும்.

1620-உம் ஒருநாள் யாரோ ஒரு பேத்திக்குப் பக்கத்தில் இருந்திருக்கும். வெளுத்த முகத்தோடு ஆட்கள் இறங்கியதைக் கண்ணால் பார்த்த ஒருத்தி இதே மணலில் நின்று கை காட்டியிருப்பாள். அந்தப் பேத்தி தன் பேத்திக்குச் சொல்லியிருப்பாள். பிறகு எங்கோ ஒரு வீட்டில் அந்தப் பேச்சு அறுந்துவிட்டது. அறுந்த இடத்திலிருந்துதான் கோபன்ஹேகன் ஆவணங்களும் நம் அருங்காட்சியகப் பெட்டிகளும் தொடங்குகின்றன. ஆவணத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் இந்த அளவுகூடத் தெரிந்திருக்காது. ஆனால் பேச்சு இன்னும் அறாத ஒரு காலமும் இதே கரையில் இருக்கிறது. சுனாமியைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் இந்தத் தெருவில் நடக்கிறார்கள். அறுபது எழுபது ஆண்டு போனால் அவர்களில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அப்போது 2004-உம் ஒரு கல்லில் மட்டுமே இருக்கும். அதற்குள் எத்தனை பிள்ளைகள் எத்தனை பாட்டிகளோடு இங்கே நடந்திருப்பார்கள் என்பதைப் பொறுத்ததுதான் அது எவ்வளவு தூரம் போகும் என்பது.

அதனால்தான் பழைய ஊர்களுக்குப் பிள்ளைகளை மட்டும் பள்ளிச் சுற்றுலாவில் அனுப்புவது எனக்குப் போதவில்லை. வரிசையில் நிற்க வைத்து ஆண்டுகளைச் சொல்லி, போட்டோ எடுத்து, பஸ்ஸில் ஏற்றிவிடுகிறோம். மூத்தவர்களை வீட்டில் விட்டுவிடுகிறோம், அவர்களால் நடக்க முடியாது என்று. நடக்க முடியாதவர்களுக்காகத்தான் தெரு முழுக்கத் திண்ணை கட்டி வைத்திருந்தார்கள் நம் ஆட்கள். கிங் ஸ்ட்ரீட்டில் நிழலும் உட்கார இடமும் இன்னும் வேண்டும். கோட்டைப் படிகளில் கைப்பிடி வேண்டும். இவை சுற்றுலா வசதி மட்டுமல்ல, ஊரின் நினைவைக் காப்பதற்கான செலவு என்றே நான் எண்ணுகிறேன். சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதுபோல இதையும் செய்ய வேண்டும்.

நடுவில் நடக்கிற நம் வேலையும் அன்று எனக்குக் கொஞ்சம் தெளிந்தது. பிள்ளை கேட்டதும் முந்திக்கொண்டு பதில் சொல்லாமல் இருப்பது. தெரியாதவர்போல அம்மாவின் பக்கம் திரும்பி நிற்பது. அவர் ஆண்டைத் தப்பாகச் சொன்னால் சொல்லட்டும். ராத்திரி வீட்டில் திருத்திக்கொள்ளலாம்.

கிளம்பும் நேரத்தில் அம்மா தானாகவே வேறொன்றைத் தொடங்கினார். கல்யாணமான புதிதில் இந்த ஊருக்கு ரயிலில்தான் வந்தாராம். மாயவரத்திலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு என்று ஒவ்வொரு ஊராக நின்று வரும். 1926-இல் போட்ட அந்தப் பாதையை 1986-இல் நிறுத்திவிட்டார்கள். எனக்கு ஆண்டு தெரியும். ஆக்கூரில் வண்டி நின்றால் வெள்ளரிப்பிஞ்சு விற்க வருவார்கள் என்பது தெரியாது.

'ரயிலா? இந்த ஊருக்கா?' மகளால் நம்ப முடியவில்லை. கோட்டையைவிட அதுதான் அவளுக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. 'ஸ்டேஷன் எங்க இருந்துச்சு அப்பாயி? இப்பவே போலாமா?'

'தண்டவாளமே இல்லியேடி, போய் என்னத்தப் பாக்கப் போற?'

'எடம் இருக்கும்ல?'

அம்மா ஒரு கணம் யோசித்தார். பிறகு வாசல் பக்கம் நின்ற ஆட்டோக்காரரிடம் போய், 'தம்பி, பழைய ரயிலடி எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு தெரியுமா?' என்று கேட்டார். அந்தப் பையனுக்குத் தெரியவில்லை. டீக்கடையில் உட்கார்ந்திருந்த பெரியவரைக் கூப்பிட்டுக் கேட்டான். அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, மேற்கே கையைக் காட்டிச் சொல்ல ஆரம்பித்தார்.