ஒட்டுப் போர்வைக்கு என்ன நிறம்?

பல நிறத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த ஒரு போர்வையைக் காட்டி, இதன் நிறம் என்ன என்று ஒரு குழந்தை கேட்குமானால், சிவப்பும் மஞ்சளும் பச்சையும் என்று அடுக்கிச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்வோம். நியாய வைசேஷிக சாஸ்திரிகளோ அவ்வாறு தப்பித்துக்கொள்ள மனமின்றிப் பல தலைமுறைகள் அந்தக் கேள்வியோடு மல்லாடியிருக்கிறார்கள். அவர்கள் சித்தாந்தத்தில், துணி என்பது நூல்களின் வெறுங்குவியல் அன்று. நூல்களைத் தனக்கு ஆதாரமாகக் கொண்டு புதிதாய்ப் பிறந்த ஒரு திரவியம், அதாவது அவயவி. நிறம் என்னும் குணமோ, தான் தங்கிய பொருள் முழுவதும் வியாபித்து நிற்பது. ஆகவே இந்த மூலையில் சிவந்தும் அந்த மூலையில் வெளுத்தும் கிடக்கும் துணிக்குச் சிவப்பையும் சொல்ல முடியாது, வெண்மையையும் சொல்ல முடியாது. நிறமே இல்லை என்றாலோ, நிறமற்ற பொருள் கண்ணுக்குப் புலப்படாது என்ற அவர்களுடைய விதி குறுக்கே நிற்கும். துணி என்னவோ கண்ணெதிரே கிடக்கிறது. இந்த இக்கட்டிலிருந்து மீள்வதற்காக அவர்கள் 'சித்திர ரூபம்' என்று தனியொரு நிறத்தையே ஒப்புக்கொண்டார்கள். அன்னம்பட்டர் 17-ஆம் நூற்றாண்டில் இயற்றிய தர்க்க சங்கிரகம், வெண்மை, நீலம், மஞ்சள், சிவப்பு, பச்சை, கபிலம் என்று ஆறினை எண்ணிவிட்டு, ஏழாவதாகச் சித்திரத்தை வைக்கிறது.

ஓய்ந்திருந்த பண்டிதர்களின் வாதம் என்று இதைத் தள்ளிவிட, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் பிழைப்பவர்களுக்கு இயலாது. ஏனெனில் இவ்வட்டாரத்தின் ஜீவனமே பெரும்பாலும் துணியில் இருக்கிறது. பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்லைத் தோற்றுவித்ததற்குப் பின் இங்கே பெருகிய பஞ்சாலைகள் ஒருபுறமிருக்க, சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள், சுந்தரபாண்டியத்தில் கைத்தறிச் சேலை நெய்கிறார்கள், தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறார்கள். தைக்கும் இடத்தில் வெட்டுத் துண்டு விழாமல் இராது. அந்தத் துண்டுகளும், உடுத்தி உடுத்தி நைந்த சேலைகளும் சேர்ந்துதான் ஏழை வீட்டுப் போர்வையாகின்றன. பிறந்த குழந்தையைக் கிடத்துவதும் புதுத் துணியிலன்றிப் பலமுறை துவைத்து மெத்தென்றான இந்தப் பழந்துணியில்தான்.

இப்போர்வையைத் தைப்பவள் துணியைத் தேர்ந்தெடுக்கிறாள் என்று சொல்வது பாதி உண்மையே. வந்து சேர்ந்ததை வைத்துக்கொண்டு எதை எதன் அருகில் வைப்பது என்பதுதான் அவள் வசத்தில் இருப்பது. வேதாந்திகள் பிராரப்தம் என்றும் புருஷப் பிரயத்தனம் என்றும் பிரித்துப் பேசுவதை அவள் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கனத்த துணியை மெல்லிய துணியோடு சேர்த்தால் மெல்லியது கிழியும் என்பதும், சாயம் போகும் துணியை முன்னதாகவே நனைத்துப் பார்க்க வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். இன்னும் நனைந்து சுருங்காத புதுத் துணியைப் பழந்துணியில் ஒட்டுப்போடலாகாது என்று இயேசு கூறியதும் இந்த அனுபவத்தை வைத்துத்தான்: துவைத்ததும் புதியது சுருங்கும், பழையதை இழுத்துக் கிழிக்கும்.

நிறத்தின் விவகாரம் இதைவிடச் சூட்சுமமானது. பாரிஸ் நகரத்தில் கோப்லின் நெசவுச்சாலையின் சாயத் துறைக்குத் தலைவராயிருந்த செவ்ரல் என்ற ரசாயன சாஸ்திரி, அங்கே கறுப்பு நூல் மங்கித் தெரிகிறதென்று எழுந்த புகாரை ஆராய்ந்தபோது, குற்றம் சாயத்தில் இல்லை, அதன் அருகில் நெய்திருந்த நிறத்தில் இருக்கிறது என்று கண்டார். அந்த ஆராய்ச்சி 1839-இல் பெருநூலாக வெளிவந்தது. சிவப்புக்கு அருகில் வைத்த சாம்பல் நிறம் சற்றே பச்சை தோய்ந்து தோன்றும். அதே சாம்பல் துண்டைப் பச்சைக்கு அருகில் மாற்றி வைத்தால் செம்மை ஏறும். பொருளுக்குச் சுபாவமாக ஒரு நிறம் உண்டு என்று நம்பியவர்களுக்கு இது தலைவலி. சார்ந்து தோன்றுவதேயன்றித் தானாய் நிற்பது எதுவுமில்லை என்ற பௌத்தருக்கோ இது விருந்து.

அந்தப் பௌத்தருடைய ஆசாரியரே ஒட்டுத் துணியைத் தம் சங்கத்துக்கு உடையாக விதித்தவர். தக்கிணகிரிக்குப் போகும் வழியில் மகத நாட்டு வயல்களைப் பார்த்து, வரப்பும் குறுக்கு வரப்புமாய்ப் பிரிந்து கிடந்த அந்த அமைப்பில் பிக்குகளுக்கு ஒரு சீவரம் தைக்க இயலுமா என்று ஆனந்தரைக் கேட்டதாக விநய பிடகத்தின் மகாவக்கம் சொல்கிறது. பிளவக்கல்லில், பெரியாற்றணைக்கும் கோவிலாற்றணைக்கும் கீழே, கண்மாய்த் தண்ணீர் பாயும் வத்திராயிருப்புப் பக்கத்து நெல்வயல்களை மழைக்காலம் முடிந்த ஒரு காலை வேளையில் பார்ப்பவருக்கு, புத்தர் எதைக் கண்டார் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒரு முக்கியமான வேற்றுமை உண்டு. இவ்வயல்களில் ஒன்று நாற்றின் இளம்பச்சை, ஒன்று கதிரின் மஞ்சள், ஒன்று உழுத சேற்றின் கருமை. புத்தரோ வரப்பை மட்டும் எடுத்துக்கொண்டு நிறத்தை விட்டுவிட்டார். வேர், தண்டு, பட்டை, இலை, பூ, காய் ஆகியவற்றின் சாயத்தில் முக்கித் துண்டுகளையெல்லாம் ஒரே கஷாய நிறமாக்க வேண்டும். முழு நீலமும் முழுச் சிவப்பும் பிக்குவுக்கு ஆகா. எந்தத் துண்டு எந்தச் சீமாட்டியின் சேலை, எது சுடுகாட்டில் பொறுக்கியது என்று பிறகு எவரும் கண்டுபிடிக்க முடியாது. பற்றை அறுப்பதற்கு இதைவிட நேர்மையான உபாயத்தை நான் அறியேன். எனினும், தாயின் சேலைத் துண்டு இது என்று விரல் வைத்துக் காட்ட முடியாத போர்வையில் எனக்குத் தூக்கம் வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1017-இல் பிறந்த ராமாநுஜர், ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்தில் இதே பலநிறத் துணியை வேறொரு காரியத்துக்காக எடுத்துக்கொள்கிறார். வெள்ளை, கறுப்பு, சிவப்பு நூல்களால் நெய்த துணி ஒன்றே. ஆயினும் வெண்மை வெள்ளை நூல் உள்ள இடத்திலும், செம்மை சிவப்பு நூல் உள்ள இடத்திலுமே நிற்கிறது. அதுபோல, ஈசுவரனும் சேதனமும் அசேதனமும் சேர்ந்து உலகமாய் விரிந்த நிலையிலும், அவற்றின் சுபாவங்கள் ஒன்றோடொன்று கலப்பதில்லை என்பது அவர் கருத்து. பௌத்தரைப்போல் சாயத்தில் முக்காமலும், நையாயிகரைப்போல் ஏழாவது நிறம் ஒன்றைத் தேடாமலும், வேற்றுமையையும் ஒருமையையும் ஒருங்கே காத்துவிட்டார். அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் படைப்பதாக ஆண்டாள் நேர்ந்ததை நிறைவேற்றி வந்த ராமாநுஜரை, அவள் "அண்ணா" என்று அழைத்ததாக ஸ்ரீவில்லிபுத்தூரில் ஐதிகம். ஆகவே இவ்வூரில் அவர் வாக்குக்கு எதிர் வாக்கு ஏது?

ஆனால் எனக்கு ஓர் ஐயம் எஞ்சி நிற்கிறது. நிறங்கள் கலவா என்ற இவ்வுவமையை, மனிதரைச் சாதியால் தனித்தனியே நிறுத்த விரும்புகிறவர்கள் தங்களுக்கு அரணாகக் கொள்ள எவ்வளவு நேரமாகும்? ராமாநுஜர் கூறியது நெய்த துணி. அதில் நூல் தன் அகலத்தில் ஒரு சிறிதும் இழக்காமல் பக்கத்து நூலோடு படுத்திருக்கும். தைத்த போர்வை அப்படியன்று. தையலுக்கு என்று ஒவ்வொரு துண்டும் அரை அங்குலம் விட்டுக்கொடுத்து, அந்த ஓரம் உட்புறம் மடிந்து மறைந்த பிறகே இரண்டும் இணைகின்றன. பட்டுக்கும் அதே அரை அங்குலம், பழஞ்சீலைக்கும் அதே அரை அங்குலம்.

கார்த்திகை மாதத்துச் சுக்கில பட்ச ஏகாதசியில், குளிர் தொடங்கும் காலமென்று, ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில் ஆண்டாளுக்கும் ரங்கமன்னாருக்கும் 108 போர்வைகள் சாத்துகிறார்கள். ஸ்ரீரங்கத்தில் அன்று நம்பெருமாளுக்கு 365 வஸ்திரங்கள். குளிரே இல்லாத பரம்பொருளுக்குப் போர்வை எதற்கு என்று கேட்பவர், அந்நாளுக்குக் கைசிக ஏகாதசி என்ற பெயர் வந்த கதையையும் கேட்க வேண்டும். திருக்குறுங்குடி மலையடியில் பெருமானைப் பாடிவந்த நம்பாடுவான் ஆலயத்துக்குள் நுழையும் உரிமையற்ற குலத்தவன். பாடப்போகும் வழியில் தன்னைத் தின்ன வந்த பிரமராட்சசனிடம், பாடிவிட்டு வருகிறேன் என்று வாக்களித்துச் சென்று, அவ்வாறே திரும்பியும் வந்தவன். அன்றிரவு வைணவ ஆலயங்களில் வாசிக்கப்படும் கைசிக புராணத்தில், அவன் கைசிகப் பண்ணில் பாடிய பாட்டின் பலனைக் கெஞ்சிப் பெற்று விமோசனம் அடையும் அந்த ராட்சசன், முற்பிறவியில் யாகத்தில் பிழை செய்த சோமசர்மா என்னும் அந்தணன்.